விளையாடும் பிள்ளையை இலவசமாகச் சேர்க்கிறோம் என்று தனியார் பள்ளி வந்து கேட்டால்: கேள்வி பதில்

நீலகிரியில் அரசு உதவி பெறும் பள்ளி, தனியார் விடுதிப் பள்ளி இரண்டிலும் சேர்த்து 31 வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தேன். ஏப்ரல், மே வந்தாலே கீழேயிருந்தும் இங்கேயிருந்தும் பள்ளிகள் ஆள் தேடி மைதானம் மைதானமாக வரும். அதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

குன்னூரிலிருந்து ஓர் அம்மா: மகள் எட்டாவது படிக்கிறாள், 400 மீட்டர் ஓடுவாள். மாவட்டப் போட்டியில் பார்த்துவிட்டு, கோவைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் "எல்லாம் ஃப்ரீ, அனுப்புங்க" என்கிறார்கள். நம்பலாமா மாஸ்டர்?

அம்மா, "எல்லாம்" என்றால் எது எது என்று முதலில் கேளுங்கள். படிப்புக் கட்டணம் மட்டுமா, விடுதியும் சாப்பாடுமா? ஸ்பைக்ஸ் ஷூ யார் வாங்குவது? வெளியூர்ப் போட்டிக்கு ரயில் செலவு யாருடையது? இந்தச் சலுகை ஒரு வருடத்துக்கா, பிளஸ் டூ முடியும் வரைக்குமா? எல்லாவற்றையும் விட முக்கியமாக, பிள்ளைக்கு அடிபட்டால் என்ன செய்வார்கள்?

கடைசிக் கேள்வியை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் மாணவன் ஒருவன் ஃபுட்பாலில் நல்ல விங்கர். ஒன்பதாவதில் ஒரு பள்ளி கூட்டிக்கொண்டு போனது. பதினொன்றாவதில் முட்டித் தசைநார் அறுந்தது. ஆபரேஷன் செலவை அவன் அப்பா தேயிலைத் தோட்டத்தை அடகு வைத்துக் கொடுத்தார். அடுத்த ஜூனில் முழு ஃபீஸ் கட்டச் சொல்லிப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. இலவசம் என்று சொன்ன கோச் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார். காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டு கூடக் குடும்பத்திடம் இல்லை. அந்தப் பையனை அந்தப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று சொன்னவன் நான். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

அதனால் பள்ளி லெட்டர்பேடில், முதல்வர் கையெழுத்து, சீல், எத்தனை வருடம், காயம்பட்டால் என்ன என்பதோடு எழுதி வாங்குங்கள். கோச் வாய்வார்த்தை போதாது.

கூடலூரிலிருந்து ஓர் அப்பா: சீட் உறுதியாக வேண்டுமென்றால் ஒரிஜினல் டி.சி.யை உடனே கொடுங்கள் என்கிறார்கள்.

எழுத்து வராமல் கொடுக்காதீர்கள். டி.சி. கையைவிட்டுப் போனால் பிள்ளையும் கைவிட்டுப் போன மாதிரிதான் பலர் தவிக்கிறார்கள். ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. எட்டாவது வரைக்கும் டி.சி. தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. ஃபீஸ் பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல டி.சி. என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. போட்டிச் சான்றிதழ்களையும் பள்ளி பீரோவில் விட்டுவைக்காதீர்கள். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் ஒரிஜினலை வாங்கி வீட்டில் வையுங்கள். பின்னால் கல்லூரி கோட்டாவுக்கும் அரசு வேலைக்கும் கேட்பது அதைத்தான்.

ஊட்டியிலிருந்து ஒரு தம்பி: "மலைப் பிள்ளைக்கு நுரையீரல் பெரிசு, லாங் டிஸ்டன்ஸ் தானா வரும்" என்று சொல்லித்தான் எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) ஆள் எடுக்கிறார்கள். உண்மையா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. பாதி உண்மை.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கிறது. ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைவு. அதை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கும். கீழே போய் ஓடும்போது அது கைகொடுக்கும். ஆனால் கீழேயே தங்கிவிட்டால் சில வாரங்களில் அந்தக் கூடுதல் கரைந்துவிடும். மலையில் பிறந்தவன் என்பதற்காக ஒரு பையனைக் கூட்டிப்போய் மூன்று வருடம் கீழே விடுதியில் வைத்தால், அவனோடு போனது மலையில் ஏறி இறங்கிப் பழகிய காலும் மனசும்தான். அதுவும் பெரிய சொத்துதான், ஆனால் பயிற்சி இல்லாமல் மெடல் ஆகாது.

இன்னொன்று, டைம். 1968-இல் ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியும் ஏறக்குறைய ஊட்டி உயரம்தான். அப்போது 10,000 மீட்டர் உலக சாதனை 27 நிமிடம் 39 விநாடி. அங்கே தங்கம் வென்ற கென்யாவின் நஃப்தாலி டெமு எடுத்துக்கொண்டது 29 நிமிடம் 27 விநாடி. அதே ஊரில் பாப் பீமன் நீளம் தாண்டுதலில் 8.90 மீட்டர் தாண்டினார். 1991 வரைக்கும் அதை யாரும் முறியடிக்கவில்லை. மெல்லிய காற்று நீண்ட ஓட்டத்தை இழுத்துப் பிடிக்கும், குறைந்த தூர ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும் வழிவிடும். ஆகவே ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்தில் உன் தங்கை ஓடிய 1500 மீட்டர் டைமைக் கோவை டைமோடு வைத்து "சுமார்தான்" என்று ஒரு கோச் சொன்னால், ஒருமுறை கீழே ஓடவிட்டுப் பார்க்கச் சொல். 100 மீட்டர் டைமைப் பார்த்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாலும் அதையே சொல்.

குன்னூரிலிருந்து ஒருவர்: மகனுக்கு 9 வயது. எந்த கிரிக்கெட் அகாடமி நல்லது?

அது என் துறை இல்லை. 12 வயது வரை எல்லா விளையாட்டும் ஆடட்டும்.

பெயர் வேண்டாம் என்று எழுதியவர்: ஒரு வயது குறைத்துப் புது பிறப்புச் சான்றிதழ் எடுத்தால் 14 வயதுக்குட்பட்ட பிரிவில் சேர்த்துக்கொள்வதாக ஒரு கோச் சொல்கிறார்.

செய்யாதீர்கள். அந்த கோச்சிடம் இனிப் பிள்ளையை அனுப்பாதீர்கள். கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறது. மற்ற விளையாட்டுகளிலும் வயது மோசடிக்கு எதிராக 2010-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. மாட்டினால் தடை விழுவது பிள்ளை மேல்.

கோத்தகிரி, அரவங்காடு, மஞ்சூரிலிருந்து மூன்று பேர்: இலவசம் என்கிறார்கள், நம்பலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். எழுதி வாங்குங்கள்.

குன்னூர் பக்கம் வெலிங்டனிலிருந்து ஒருவர்: அமெரிக்காவில் தனியார் பள்ளிகள் இப்படி ஆள் பிடிக்கக் கூடாதாமே?

பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் விதி அப்படித்தான். விளையாட்டுக்காகச் சலுகை காட்டி இழுக்கக் கூடாது, குடும்ப வருமானம் பார்த்துத்தான் உதவித்தொகை. டென்னசியில் பிரெண்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் கோச், 1997-இல் அடுத்த வருடம் சேர இருந்த எட்டாம் வகுப்புப் பையன்களுக்குப் "பயிற்சிக்கு வாருங்கள்" என்று கடிதம் போட்டார். மாநிலச் சங்கம் 3,000 டாலர் அபராதம் போட்டது, இரண்டு வருடம் பிளே ஆஃபில் ஆடவும் தடை விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டு முறை போனது. 2007-இல் சங்கத்தின் விதி செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

இந்தப் பதிலுக்குப் பிறகுதான் சண்டை ஆரம்பித்தது. தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் எழுதினார்: "சார், அந்த விதி இங்கே வந்தால் நஷ்டம் யாருக்கு? நாங்கள் எடுக்காவிட்டால் அந்தப் பிள்ளை பத்தாவதோடு நின்றுவிடும். நல்ல சாப்பாடு, நல்ல மைதானம் கொடுப்பது தப்பா?"

அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் அவருக்குப் பதில் எழுதினார்: "ஆறாவதிலிருந்து காலை ஆறு மணிக்குப் பனியில் நின்று கபடி சொல்லிக்கொடுத்தேன். குடியரசு தினப் போட்டியில் ஜெயித்த என் டீமிலிருந்து ஜூனில் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். களத்தில் ஏழு பேர் வேண்டும். மிச்சம் இருக்கும் பெண்களுக்கு டீமே இல்லை. அவர்கள் பிள்ளைகள் இல்லையா?"

தனியார் பள்ளி ஆசிரியர் விடவில்லை: "டீமுக்காக ஒரு பிள்ளையின் வழியை அடைக்கலாமா?"

இருவரையும் எனக்குத் தெரியும், இருவரும் உண்மையாக உழைப்பவர்கள். சார், நீங்கள் பிள்ளையை எடுப்பதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். நானே எடுத்திருக்கிறேன். ஆனால் வீட்டுக்குப் போகும் முன் அந்த மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா? ஒரே டீமிலிருந்து மூன்று பேரை அள்ளாமல் ஒருவரோடு நிறுத்த முடியாதா? பேப்பரில் படம் வரும்போது முதலில் சொல்லிக்கொடுத்தவர் பெயரைப் போடலாமே. இதற்கெல்லாம் விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மிஸ், உங்கள் கோபம் நியாயம். ஆனால் போகிற பிள்ளையிடம் அதைக் காட்டாதீர்கள். அது குற்ற உணர்ச்சியோடு பஸ் ஏறக் கூடாது.

பந்தலூரிலிருந்து ஓர் அக்கா: தனியார் வேண்டாம், அரசு வழி இருக்கிறதா?

இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள். 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்க்கை, தங்குமிடமும் சாப்பாடும் பயிற்சியும் இலவசம். கோடையில் தேர்வு நடக்கும். ஊட்டியில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள்.

கேத்தியிலிருந்து ஒருவர்: எல்லாம் ஃப்ரீ என்கிறார்கள் சார், நம்பலாமா?

எழுதி வாங்குங்கள். இதே கேள்விக்கு இனிப் பதில் எழுதப் போவதில்லை.

முதலில் கேட்ட குன்னூர் அம்மா மறுபடியும்: கேட்டேன் மாஸ்டர். மற்ற எல்லாம் எழுதித் தருகிறார்களாம். காயம் பற்றி மட்டும் "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்கிறார்கள். மகள் போகணும் என்று அழுகிறாள்.

டி.சி. கொடுத்துவிடாதீர்கள் அம்மா. கோச்சை விட்டுவிட்டு முதல்வரையே பார்க்க நேரம் கேளுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவள் எதிரிலேயே கேளுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமை நான் வருகிறேன். காலை ஏழு மணிக்கு குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன்.