முதல் கீப்பராகக் கூப்பிடுகிறார்கள், கீழ் டிவிஷனுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 20. வட சென்னைக்காரன், பி.காம். கடைசி வருடம். சென்னை லீக்கில் மேல் டிவிஷன் அணி ஒன்றில் இரண்டாவது கோல்கீப்பர். இரண்டு சீசனாக பெஞ்ச்தான். கிடைத்த ஒரே மேட்ச்சில், சுலபமாகப் பிடிக்க வேண்டிய கிராஸ் கை நழுவி கோலாகிவிட்டது, தோற்றோம். மாதக்கணக்காகியும் படுத்தால் அந்தப் பந்துதான் கண்ணில் வருகிறது, தூக்கம் இல்லை. இப்போது கீழ் டிவிஷன் அணி ஒன்று முதல் கீப்பராக வரச் சொல்கிறது. "இறங்கிப் போகாதே" என்கிறார்கள் நண்பர்கள். ஆட்டோ ஓட்டும் அப்பா, பந்தை விட்டுவிட்டு வேலை தேடச் சொல்கிறார். என் உயரம் 5 அடி 10 அங்குலம். புரொஃபஷனல் கீப்பராக வர எனக்கு வழி இருக்கிறதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: அன்புள்ள தம்பி,

கீழ் டிவிஷனுக்குப் போங்கள். காரணங்களை அப்புறம் சொல்கிறேன். யோசித்துக்கொண்டே இருந்து பதிவு நாள் தாண்டிவிட்டால் இன்னொரு சீசனும் பெஞ்சில் கழிந்துவிடும்.

கீப்பரின் பாடு மற்ற பத்துப் பேரின் பாடு போல இல்லை. விங்கராக இருந்தால் கடைசி இருபது நிமிடம் இறங்கித் தன்னைக் காட்டிக்கொள்ளலாம். நடுவில் இடம் இல்லாவிட்டால் பின்னால் ஆட வைப்பார்கள். கீப்பருக்கு இருப்பது ஒரே இடம். அங்கே நிற்பவருக்கு அடிபட வேண்டும், சிவப்பு அட்டை விழ வேண்டும், இல்லை ஃபார்ம் போக வேண்டும். அதுவரை அடுத்தவர் காத்திருக்க வேண்டியதுதான். பயிற்சியில் எத்தனை ஷாட் தடுத்தாலும் சில விஷயங்கள் மேட்ச்சில்தான் கைக்கு வரும். கிராஸுக்கு வெளியே வருவதா, கோட்டிலேயே நிற்பதா என்று அரை நொடியில் முடிவெடுப்பது, தன்னைவிட மூத்த டிஃபெண்டரை அதட்டி இடத்தில் நிறுத்துவது, ஒரு மணி நேரம் பந்தே வராமல் இருந்துவிட்டுச் சட்டென்று பாய்வது எல்லாம் அப்படித்தான். இரண்டு சீசனில் ஒரே மேட்ச் ஆடிய உங்களுக்கு இதெல்லாம் வந்திருக்க வழியில்லை.

அர்ஜென்டினாவின் கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸை 2022 உலகக் கோப்பையில் பார்த்திருப்பீர்கள். இறுதியாட்டத்தின் கடைசி நிமிடத்தில் பிரான்ஸின் கோலோ முவானி அடித்த பந்தை இடது காலை நீட்டித் தடுத்தாரே, அவர்தான். மார் தெல் பிளாட்டா என்ற துறைமுக ஊரிலிருந்து 2010-இல், 17 வயதில், லண்டனின் ஆர்சனல் கிளப்புக்கு வந்தவர். அடுத்த பத்து வருடமும் அங்கே அவர் முதல் கீப்பர் இல்லை. லோனில், அதாவது கொஞ்ச நாளுக்கு இரவலாக, அவரை அனுப்பிய இடங்களைப் பாருங்கள்: ஆக்ஸ்ஃபோர்டு, ஷெஃபீல்டு வெனஸ்டே, ராதரம், உல்வ்ஸ், ஸ்பெயினில் கெட்டாஃபே, ரெடிங். ஆக்ஸ்ஃபோர்டு அப்போது நான்காவது டிவிஷன் அணி. கெட்டாஃபேக்குப் போயும் பெரும்பாலும் பெஞ்ச்தான். 2019-இல் ரெடிங்குக்குப் போன அரை சீசனில்தான் வாராவாரம் நின்று ஆடினார். இரண்டாவது டிவிஷனிலிருந்து கீழே விழாமல் தப்பிக்கப் போராடிக்கொண்டிருந்த அணி அது. கீப்பருக்கு மூச்சு விட நேரமிருக்காது.

2020 ஜூனில் பிரைட்டன் மேட்ச்சில் ஆர்சனலின் முதல் கீப்பர் லெனோவுக்குக் காலில் அடிபட்டது. மார்ட்டினெஸ் இறங்கினார். ஆகஸ்டில் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் அவர்தான் கோலில் நின்றார், செல்சியை 2-1 என்று வென்றார்கள். இதற்கு அடுத்து அவர் செய்ததைத்தான் உங்கள் நண்பர்களிடம் சொல்ல வேண்டும். ஆர்சனலில் முதல் இடம் தனக்குத்தான் என்ற உறுதி கிடைக்கவில்லை என்றதும், ஆஸ்டன் வில்லாவுக்குப் போய்விட்டார். முந்தைய சீசனில் ஒரே ஒரு புள்ளியில் கீழ் டிவிஷனுக்குப் போகாமல் தப்பிய அணி அது. கோப்பை வென்ற கிளப்பை விட்டு அங்கே போனதை அன்று இறக்கம் என்றுதான் பார்த்திருப்பார்கள். அங்கே வாராவாரம் ஆடியதால்தான் 2021 ஜூனில், 28 வயதில், அர்ஜென்டினாவுக்கு முதல் மேட்ச் ஆடினார். அதற்கடுத்த மாதமே கோப்பா அமெரிக்கா அரையிறுதியில் கொலம்பியாவின் மூன்று பெனால்டிகளைத் தடுத்தார்.

நம்மவர்களில் குர்ப்ரீத் சிங் சந்துவும் அப்படித்தான். 2014-இல் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்புக்குப் போய் மூன்று வருடம் இருந்தார். அங்கே ஆடக் கிடைத்தது கொஞ்சம்தான். 2017-இல் இந்தியா திரும்பி, பெங்களூரு கிளப்பில் முதல் கீப்பராக நின்றார். ஐரோப்பாவை விட்டு வந்தது அவரைக் குறைத்துவிடவில்லை.

சரி, அந்த நழுவிய பந்துக்கு வருவோம். 2018 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் லிவர்பூல் கீப்பர் லோரிஸ் காரியுஸ் உருட்டிவிட்ட பந்து பென்சமாவின் காலில் பட்டு கோலானது. பிறகு கேரத் பேல் தொலைவிலிருந்து அடித்தது அவர் கைக்குள் வந்தும் நழுவி உள்ளே போனது. உலகமே பார்த்தது. மைதானத்தில் அழுதுகொண்டே ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மேட்ச்சில் தலையில் விழுந்த அடியால் அவருக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது என்று சில நாள் கழித்து பாஸ்டன் மருத்துவர்கள் சொன்னார்கள். அதற்குள் பழி நிலைத்துவிட்டது. 2023 பிப்ரவரியில், அவர் அப்போது இருந்த நியூகாசிலின் முதல் கீப்பருக்குச் சிவப்பு அட்டை, இரண்டாமவர் வேறு அணிக்கு அதே கோப்பையில் ஏற்கெனவே ஆடியவர் என்பதால், லீக் கோப்பை இறுதியாட்டத்தில் காரியுஸ்தான் இறங்க வேண்டியிருந்தது. நியூகாசிலுக்கு அதுதான் அவருடைய முதல் மேட்ச். மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 0-2 என்று தோற்றார்கள். ஆனாலும் பல நல்ல ஷாட்டுகளைத் தடுத்தார்.

ஒரே மேட்ச் ஆடினால் அந்த ஒரு தப்புதான் நினைவில் நிற்கும். இருபது மேட்ச் ஆடினால் அதுவும் ஒன்றாகப் போய்விடும். ஆனால் மாதக்கணக்காகத் தூக்கம் கெடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நான் லேசாக விடமாட்டேன். ஜெர்மனியின் ராபர்ட் என்கே, தேசிய அணியின் கீப்பராக இருந்தபோதே, 2009 நவம்பரில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு நீண்ட நாளாக மன அழுத்த நோய் இருந்ததை வெளியே யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்தார்கள். உங்களுக்கு இருப்பது அந்த நோய் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், அவரைப் பாருங்கள். அதற்கு முன்பே பேச வேண்டும் போலிருந்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

உயரத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். 1998-இல் உலகக் கோப்பை வென்ற ஃபாபியான் பார்தேஸ் ஆறடி அளவுதான். மெக்சிகோவின் ஹோர்ஹே காம்போஸ் உங்களைவிடக் குள்ளம். ஆனால் அது முப்பது வருடத்துக்கு முந்தைய கதை. இன்று பெரிய கிளப்புகள் டிரையலில் முதலில் பார்ப்பதே உயரத்தைத்தான். நாட்டின் மேல்மட்ட லீக்கான ஐ.எஸ்.எல். வரை போவது உங்களுக்குக் கடினம், முடியவே முடியாதது இல்லை. அதை ஈடுகட்டக் காலைப் பழக்குங்கள். தன் அணிக்காரர் வேண்டுமென்றே காலால் தட்டிவிடும் பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்று 1992-இல் விதி வந்ததிலிருந்தே கீப்பருக்கும் கால் வேண்டியிருக்கிறது. இப்போது இன்னும் அதிகம். இரண்டு காலாலும் முப்பது மீட்டர் பாஸ் துல்லியமாகப் போடும் கீப்பர் நம் லீக்கில் எத்தனை பேர்?

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2025-இல் ஐ.எஸ்.எல். சீசன் தள்ளிப்போனபோது சில கிளப்புகள் முதல் அணியின் வேலைகளையே நிறுத்தி வைத்தன. மேலே இருப்பவர்களுக்கே அந்த நிலை. ஆனால் வேலையையும் பந்தையும் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இந்திய அணியின் பழைய கீப்பர் பீட்டர் தங்கராஜ் நீலகிரி வெலிங்டனில் ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியில் ஆடி வளர்ந்தவர். முதலில் சென்டர் ஃபார்வேர்டு, பிறகுதான் கீப்பர். 1956, 1960 என இரண்டு ஒலிம்பிக்ஸ், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் என்று போனார். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரித்துறை, போலீஸ் என்று இன்றும் வேலையோடு ஆடும் அணிகள் இருக்கின்றன.

ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 25 வயதுதான் வரம்பு. உங்களுக்கு ஐந்து வருடம் இருக்கிறது. அதற்குச் சும்மா லீக் ஆடினேன் என்றால் போதாது. மாநில அணிக்கோ பல்கலைக்கழக அணிக்கோ ஆடிய சான்றிதழ் கேட்பார்கள். பெஞ்சில் இருப்பவரைத் தேர்வாளர் கண்ணுக்கே தெரியாது. கல்லூரியில் இது கடைசி வருடம் என்பதால் பல்கலைக்கழக அணித் தேர்வு எப்போது என்று இந்த வாரமே உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள். டிகிரியைப் பாதியில் விடாதீர்கள். அதே சான்றிதழோடு டிகிரியும் இருந்தால் எழுதிப்போடக்கூடிய வேலைகள் கூடும். இந்தக் கணக்கை அப்பாவிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். 25 வயது வரை என்று நீங்களே ஒரு கெடு வைத்தால் அவருக்கும் மனசு ஆறும்.

புது அணியில் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் பேசிவிடுங்கள். பழைய கிளப்பின் விடுவிப்புக் கடிதம் யார் பொறுப்பு, விரலோ தோளோ முறிந்தால் மருத்துவச் செலவு யாருடையது, கீப்பருக்கென்று தனிப் பயிற்சி உண்டா. மூன்றாவதற்கு அநேகமாக இல்லை என்றுதான் பதில் வரும். அப்படியானால் உங்கள் ஏரியாவில் முன்பு கீப்பராக ஆடிய பெரியவர் யாரையாவது பிடியுங்கள். வாரத்தில் இரண்டு காலை கிராஸ் மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்கள், கேட்டால் மறுக்க மாட்டார்கள்.