இருட்டும் இன்வெர்ட்டரும்: வாசகர் கேள்வி – பதில்

ரங்கூனில் பதினோரு வருடம் கேம் கடை நடத்திய மாமா பதில் சொல்கிறார்

கேள்வி: மாமா, புது ஹாரர் கேம் எதைப் போட்டாலும் எனக்குப் பயமே வருவதில்லை. படம்தான் சினிமா மாதிரி இருக்கிறது. அப்பாவோ, உங்கள் கடையில் பழைய பிளேஸ்டேஷனில் ஆடிவிட்டு வீட்டுக்குத் தனியாக வரவே நடுங்கினாராம். அந்தக் கட்டம் கட்டமான படத்தில் அப்படி என்ன இருந்தது?
– கல்லூரி மாணவர், மோல்மீன்

பதில்: அப்பா பொய் சொல்லவில்லை தம்பி. அவரைப் போல நாலைந்து பேரைத் தெருமுனை டீக்கடை வரை கொண்டுபோய் விட்டவன் நான்.

1999-இல் கொனாமி விட்ட சைலன்ட் ஹில்லைத்தான் சொல்லியிருப்பார். ஊர் முழுக்க மூடுபனி. தூரத்தில் இருப்பதையெல்லாம் வரைந்து காட்ட அந்தப் பெட்டிக்குத் தெம்பு போதாது. அதை மறைக்கப் போட்ட பனி அது. ஆனால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத தெருவில் நம்மை நடக்கவிட்டால், மீதி வேலையை நம் தலையே பார்த்துக்கொள்கிறது. கையில் ஒரு சின்ன ரேடியோ கிடைக்கும். ஏதாவது பக்கத்தில் வந்தால் கரகரக்கும். எது வருகிறது, எந்தப் பக்கம் என்று சொல்லாது.

ஒரு பையன் அந்தக் கரகரப்புத் தாங்காமல் டிவி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தான். பத்து நொடிகூட இருக்காது, முன்னைவிட அதிகமாகக் கூட்டி வைத்தான். சத்தம் இல்லாவிட்டால் அது வருகிறதா இல்லையா என்றே தெரியாதே! திடுக்கிடுவது வேறு, பயப்படுவது வேறு என்று அவன் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. பின்னால் வந்து 'பே' என்று கத்தினால் யாரும்தான் திடுக்கிடுவார்கள், அடுத்த நிமிடம் சிரிப்பார்கள். நீ ஆடும் கேம்களில் பாதி வெறும் 'பே'.

காப்காமின் ரெசிடென்ட் ஈவில் (1996) இன்னொரு கஞ்சத்தனம் செய்தது. ஆடினதுவரை சேவ் பண்ணி வைக்க கேமுக்குள் ஒரு டைப்ரைட்டர் வேண்டும், அதற்கு ரிப்பன் வேண்டும், ரிப்பனோ எண்ணிக் கொடுத்தது. அறைக்கு அறை கதவு மெதுவாகத் திறக்கும். அந்த நேரத்தில்தான் அடுத்த அறை சிடியிலிருந்து ஏறும். என் கடை சிடி எல்லாம் கீறல். கதவு திறந்த பிறகும் திரை கறுப்பாகவே நிற்கும், உள்ளே சிடி மட்டும் சுற்றும். காப்காம்காரன் கொடுத்த பயம் போக நான் இலவசமாகக் கொடுத்தது அது. 'இன்னும் ஒரே ஓர் அறை, பிறகு சேவ் பண்ணிக்கலாம்' என்று ரிப்பனை மிச்சம் பிடிக்கும்போது டப்பென்று கரண்ட் போகும். மூன்று மணி நேர ஆட்டம் கோவிந்தா. அப்போது எழுந்த அலறல் எந்த ஜாம்பிக்கும் எழுந்ததில்லை.

உன் கையில் எல்லாமே தாராளமாக இருக்கிறது, அதுதான் உன் வியாதி. 2010-இல் சுவீடனில் எடுத்த அம்னீசியா: தி டார்க் டிசென்ட் ஆடிப் பார். ஆயுதமே கிடையாது. இருட்டில் நின்றால் புத்தி பேதலிக்கும், வெளிச்சத்தில் நின்றால் பூதம் பார்த்துவிடும். ஹெட்போன் போட்டு ஆடிவிட்டு எழுது.

கேள்வி: ஏலியன்: ஐசொலேஷன் கேமில் எங்கே ஒளிந்தாலும் அந்த வேற்றுக்கிரக மிருகம் வருகிறது. கேம் ஏமாற்றுகிறதா?
– வாசகர், பெகு

பதில்: பாதி ஏமாற்று. 2014-இல் வந்த அந்தக் கேமுக்குள் இரண்டு மூளை. மேலே ஒன்று, நீங்கள் இருக்கும் இடம் அதற்கு எப்போதும் தெரியும். ஆனால் கீழே திரியும் மிருகத்திடம், 'அந்தப் பக்கம் போய்ப் பார்' என்று மட்டும்தான் சொல்லும். மற்றபடி அது தன் கண்ணாலும் காதாலும் தேட வேண்டும். ரொம்ப நேரம் உங்களையே சுற்றினால் மேல் மூளை அதைத் தள்ளிப் போகச் சொல்லும். 'அப்பாடா' என்று மூச்சு விடுகிறீர்கள் பாருங்கள், அதுவும் அவர்கள் கணக்கு போட்டு வைத்ததுதான்.

கேள்வி: அண்ணா, என் பத்து வயது மகன் ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ் ஆடிவிட்டு ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாகப் போக மறுக்கிறான். நிறுத்திவிடவா?
– ஓர் அம்மா, ரங்கூன்

பதில்: நிறுத்துங்கள் தங்கச்சி. அந்தக் கேமில் அவன் ராத்திரிக் காவல்காரன், தேடி வரும் பொம்மைகளை உள்ளே விடக்கூடாது. கதவைச் சாத்தினால், விளக்கைப் போட்டால், கேமராவைப் பார்த்தால் கரண்ட் குறையும். தீர்ந்தால் கதவு தானே திறந்துகொள்ளும், கும்மிருட்டு. மற்ற ஊர்ப் பிள்ளைக்கு அது கதை. நம் பிள்ளையோ தினமும் இன்வெர்ட்டரில் அதே எண் இறங்குவதைப் பார்க்கிறான். 'மீ லாப்பீ!' (கரண்ட் வந்துவிட்டது) என்று தெருவே கத்தும்வரை அவனுக்கு கேம் முடியவில்லை. கொஞ்சம் வளரட்டும். ஆட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பகலில் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு வாத்தியார் வேலை பிடிக்கும்.

கேள்வி: உங்களுக்குப் பேய் நம்பிக்கை உண்டா?
– வாசகி, மாண்டலே

பதில்: ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற மாடிப்படிக்குக் கீழே போகும் நேரம் பார்த்தா கேட்கிறீர்கள்? நாளைக் காலையில் கேளுங்கள், இல்லை என்று சொல்கிறேன்.