அரசு மானியத்தில் உருவான கண்டுபிடிப்பு: காப்புரிமை கல்லூரிக்கா, ஆசிரியருக்கா?

கேள்வி: தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மத்திய அரசு மானியத்தில் நீர் சுத்திகரிப்பு மெம்பிரேன் (வடிகட்டும் மென்சவ்வு) ஒன்றை உருவாக்கினேன். கல்லூரி தன் பெயரில் காப்புரிமை கோர, என்னிடம் கையெழுத்துக் கேட்கிறது. எனக்கு ஸ்டார்ட்அப் தொடங்கும் எண்ணம் உண்டு. அடுத்த மாதம் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கிறேன். உரிமை யாருக்கு?

பதில்: அவசரம் கட்டுரைதான். விண்ணப்பத்துக்கு முன் வாசித்தால் புதுமைத் தகுதி போய்விடும். வாசித்த பிறகும் விண்ணப்பிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 31 தரும் 12 மாத விலக்கு மிகச் சில சூழல்களுக்கே பொருந்தும். அதை நம்பி இறங்காதீர்கள். யார் பெயரில் என்று பேசி முடியாவிட்டால், கூட்டாகவாவது கருத்தரங்குக்கு முன் தற்காலிக விண்ணப்பம் (தேதியை உறுதிசெய்யும் முதல்கட்ட விண்ணப்பம்) போட்டுவிடுங்கள். ஆன்லைனில் அதற்கான கட்டணம் தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் ரூ.1,600. பலர் கட்டுரைச் சுருக்கத்தை மட்டும் இணைத்துவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள். கலவை விகிதம், வெப்பநிலை வரம்பு, சோதனை முடிவு என எதையெல்லாம் பின்னால் கோருவீர்களோ அத்தனையும் அதில் இருக்கட்டும். விட்டுப்போனதற்கு அந்த விண்ணப்பத்தின் தேதி கிடைக்காது. கண்டுபிடிப்பை முழுமையாக விளக்கும் முழு விவரக்குறிப்பை அதிலிருந்து 12 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

இனி உரிமை. அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ள அமெரிக்காவில் 1980-இல் பே-டோல் சட்டம் வழிவிட்டது. அதே நோக்கில் இங்கே 2008-இல் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா, 2014-இல் திரும்பப் பெறப்பட்டது. அந்த வெற்றிடம் இன்னும் நிரம்பவில்லை. ஆய்வாளர்கள் தடுமாறுவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் கருத்து. காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 6-இன்படி உண்மையான முதல் கண்டுபிடிப்பாளரோ அவரிடமிருந்து உரிமை பெற்றவரோ விண்ணப்பிக்கலாம். ஊழியரின் கண்டுபிடிப்பு தானாகவே நிறுவனத்துக்குப் போகும் என்ற விதி அந்தச் சட்டத்தில் கிடையாது.

ஆகவே மூன்று காகிதங்களை எடுத்துப் பாருங்கள்: பணி நியமன ஆணை, கல்லூரியின் அறிவுசார் சொத்துக் கொள்கை, மானிய அனுமதி ஆணையின் நிபந்தனைகள். உரிமை நிறுவனத்துக்கே என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தால் வாதாட இடம் குறைவு. அப்படி எதுவும் இல்லையென்றால் பேரம் பேசும் பலம் உங்களிடம்தான்.

கல்லூரி நீட்டுவது பெரும்பாலும் படிவம் 1, அதாவது காப்புரிமை விண்ணப்பப் படிவம். அதன் 12-ஆம் பத்தியில் கண்டுபிடிப்பாளர் உறுதிமொழி இருக்கும்: விண்ணப்பதாரர் என்னிடமிருந்து உரிமை மாற்றம் பெற்றவர் என்பது அதன் சாரம். அங்கே கையெழுத்திட்டால் உரிமையைக் கொடுத்ததற்கு அதுவே சான்றாக நிற்கும். எனவே முதலில் எழுத்து ஒப்பந்தம், பிறகு கையெழுத்து. ராயல்டிப் பங்கு, உங்கள் ஸ்டார்ட்அப்புக்கு உரிமம், காப்புரிமைக் கட்டணத்தைக் கல்லூரி கட்டத் தவறினால் காப்புரிமை உங்களுக்குத் திரும்புவது, மூன்றையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கூட்டு உரிமை நியாயமாகத் தோன்றும். ஆனால் பிரிவு 50-இன்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூட்டாளி ஒருவர் தாமே பயன்படுத்தலாம். மற்றவர் சம்மதமின்றி யாருக்கும் உரிமம் தரவோ தன் பங்கை விற்கவோ முடியாது. நிறுவனமாகப் பதிவான ஸ்டார்ட்அப், சட்டப்படி உங்களிடமிருந்து வேறான ஓர் அமைப்பு. அதற்கு நீங்கள் உரிமம் தரவும் கல்லூரியின் சம்மதம் வேண்டும். கூட்டாகவே விண்ணப்பிப்பதானால் அந்தச் சம்மதத்தை இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.