வாசகர் கேள்வி: ஒரு நாளில் எத்தனை இடம்?

கேள்வி: விடுமுறைக்கு லண்டனிலிருந்து மகள் குடும்பம் வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்துப் போய் அனுராதபுரம், சிகிரியா, பொலன்னறுவை மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாமா?
- வாசகி, கொடிகாமம்

பதில்: வேண்டாம் அம்மா. மூன்றையும் வான் யன்னலால்தான் பார்ப்பீர்கள். சிகிரியாவில் மட்டும் ஏறத்தாழ 1,200 படிகள். பொலன்னறுவையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏ9 வழியே மரதன்கடவல, அங்கிருந்து ஹபரணை. ஏறக்குறைய 280 கிலோமீற்றர். விடிய 3 மணிக்கு வெளிக்கிட்டால் 9 மணிக்குள் சேரலாம்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு நுழைவுச்சீட்டு அருங்காட்சியகத்தில். முதலில் அதை எடுங்கள். அடுத்து வட்டதாகே என்ற வட்ட வடிவப் பௌத்த ஆலயம். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கவேண்டும், 11 மணிக்குப் பிறகு கல் சுடும். பிள்ளைகளுக்குத் தடித்த காலுறை போடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு அவசியம். புத்தர் சிலைக்கு முதுகுகாட்டிப் படம் எடுக்கக்கூடாது.

பிறகு இரண்டாம் சிவாலயம். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் கோயில், அடி முதல் முடி வரை கல். அவசரப்படாமல் சுவரை நெருங்கிப் பாருங்கள். தமிழ்க் கல்வெட்டு வரிகள் தெரியும். பேரப்பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டவேண்டியது இதுதான். பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகள் உள்ள கல் விகாரையைக் கடைசிக்கு விடலாம், மேலே கூரை இருக்கிறது.

சாப்பாட்டுக்குப் புளிச்சாதம் கட்டுங்கள். தேங்காய்ப்பூச் சம்பலும் சொதியும் மதியத்துக்குள் பழுதாகிவிடும். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். பின்னேரம் 3 மணிக்கே திரும்புங்கள்: மின்னேரியா, ஹபரணைப் பக்கம் பொழுதுபட்டால் யானை வீதிக்கு வரும். இரண்டாவது சாரதி இருந்தால் நல்லது.