எமுலேட் செய்த நெட்வொர்க் கார்டில் பாக்கெட் நீளத்தை ஒரே இடத்தில் சோதித்தால் போதாதா?

கேள்வி இதுதான்: "நெட்வொர்க் கார்டை எமுலேட் செய்யும் சி கோடில் எல்லைச் சோதனைகள் சேர்க்க வேண்டும். பாக்கெட் நுழையும் ஃபங்ஷனின் தொடக்கத்தில் ஒரே ஒரு நீளச் சோதனை வைத்தால் போதாதா? எல்லா இடத்திலும் வைத்தால் வேகம் குறையாதா?"

போதாது. நானும் ஒரு காலத்தில் போதும் என்றுதான் நம்பினேன். ஒரு சிறிய போர்டுக்கு எமுலேட்டர் எழுதியபோது, ஈதர்நெட் பகுதியின் முதல் வரியிலேயே நீளம் 1518-ஐத் தாண்டினால் பாக்கெட்டைத் தள்ளிவிடும்படி எழுதியிருந்தேன். பஃபரின் அளவும் 1518. ஃபஸரை (தாறுமாறான உள்ளீடுகளை அனுப்பிப் பிழை தேடும் கருவியை) ஓட்டிய முதல் இரவே கிராஷ். சரியாக 1518 பைட் பாக்கெட் ஒன்று சோதனையைத் தாண்டி உள்ளே வந்தது. அதன் பின்னால் நான்கு பைட் சிஆர்சியை (பாக்கெட் வழியில் கெட்டதா என்று கண்டறியும் சரிபார்ப்பு எண்ணை) என் கோடே சேர்த்தது. சோதனை இருந்தது. ஆனால் அது பார்த்தது வந்த நீளத்தை. பஃபரில் எழுதப்பட்டது வேறு நீளம்.

பிறகு பழைய பிழைகளைத் தேடிப் படித்தபோது, ஒரு முழுக் கணினியையே மென்பொருளாக எமுலேட் செய்யும் கியூஎமுவின் பிசிநெட் கார்டிலும் இதே தவறு நடந்திருப்பதைப் பார்த்தேன். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது.

பிசிநெட் கார்டில் கெஸ்டின் (எமுலேட்டருக்குள் ஓடும் இயங்குதளத்தின்) டிரைவர் ஒரு பாக்கெட்டைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் அதன் இடத்தையும் நீளத்தையும் சொல்லும் ஒரு டிஸ்கிரிப்டர் எழுதி அனுப்பலாம். ஒரு துண்டு அதிகபட்சம் 4096 பைட். எமுலேட்டர் உள்ளே வைத்திருந்த பஃபரும் 4096 பைட். ஒரு துண்டை மட்டும் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. எந்தத் துண்டும் பஃபரைவிடப் பெரிதில்லை. ஆனால் இரண்டாவது துண்டு முதல் துண்டின் முடிவிலிருந்து எழுதப்படுகிறது, மூன்றாவது அதற்கும் பின்னால். மொத்தம் எவ்வளவு ஆனது என்று யாரும் கேட்கவில்லை. 2015 ஜூனில் வெளியான சிவிஇ-2015-3209 இதுதான் (சிவிஇ என்பது பாதுகாப்புப் பிழைகளுக்குத் தரப்படும் பொதுப் பதிவு எண்). கெஸ்டுக்குள் இருப்பவரால் ஹோஸ்டில் (எமுலேட்டர் ஓடும் உண்மைக் கணினியில்) இருக்கும் எமுலேட்டர் புராசஸின் ஹீப் நினைவகத்தில் பஃபரைத் தாண்டி எழுத முடிந்தது. திருத்தம் ஒரே ஒரு நிபந்தனை: இதுவரை எழுதிய இடமும் இந்தத் துண்டின் நீளமும் சேர்ந்து பஃபரின் அளவைத் தாண்டினால் பாக்கெட்டை விட்டுவிடு. உண்மையான வன்பொருள் இப்படி நடந்துகொள்ளாது என்று அந்த இடத்திலேயே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த நேர்மை மிகவும் பிடிக்கும்.

இத்தோடு முடிந்தது என்றுதான் தோன்றும். அதே ஆண்டு நவம்பரில் சிவிஇ-2015-7504 வந்தது. கார்டு லூப்பேக் முறையில் இருந்தால், அனுப்பிய பாக்கெட்டே திரும்ப உள்ளே வரும். அதன் இறுதியில் நான்கு பைட் சிஆர்சி சேர்க்கப்படும். பாக்கெட் சரியாக 4096 பைட் என்றால் அந்த நான்கு பைட்டும் பஃபருக்கு வெளியே விழும். வெறும் நான்கு பைட்தானே என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஸ்ட்ரக்சரில் பஃபருக்கு அடுத்தபடியாக இருந்தது இன்டரப்ட்டுக்கான பாயின்டர். சிஆர்சி ரகசியக் கணக்கு ஒன்றும் இல்லை. பாக்கெட்டில் நான்கு பைட்டை மாற்றி எந்த மதிப்பு வேண்டுமோ அதையே வரவைக்கலாம். ஆக, பாயின்டரின் ஒரு பகுதியைத் தாக்குபவரே எழுதிவிடுகிறார். இப்போது அந்த நிபந்தனை பஃபரின் அளவில் நான்கைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிடுகிறது.

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: சோதனை இருக்க வேண்டிய இடம் பஃபரில் எழுதும் வரிக்கு நேர் மேலே. ஒப்பிட வேண்டிய அளவு, பின்னால் சேரப்போகும் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கியபின் மிஞ்சும் இடம். தொடக்கத்தில் ஒரு சோதனை கூடுதலாக இருக்கட்டும், தவறில்லை. ஆனால் அதை நம்பி உள்ளே இருக்கும் எதையும் விட்டுவிடாதீர்கள். ஸ்டெல்லாரிஸ் கார்டின் திருத்தத்தைப் பாருங்கள் (சிவிஇ-2016-4001). அங்கே ஃபிஃபோவில் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசைப் பஃபரில்) பாக்கெட்டுக்கு முன்னால் 2 பைட் நீளமும் பின்னால் 4 பைட் சிஆர்சியும் சேர்கின்றன. அதனால் பஃபர் அளவில் ஆறைக் கழித்துச் சோதிக்கிறார்கள். அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று படிப்பவருக்கு உடனே புரிகிறது. சோதனையும் எழுத்தும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதன் பயன் இது.

எந்த எண்களை நம்பக்கூடாது என்பது அடுத்த விஷயம். கெஸ்ட் எழுதும் ரெஜிஸ்டர், டிஸ்கிரிப்டர், பாக்கெட்டின் ஹெடர் மூன்றுமே எதிரியின் கையில் இருப்பவை. பலர் முதல் இரண்டைக் கவனிப்பார்கள், ஹெடரை மறந்துவிடுவார்கள். ஆர்டிஎல்8139 கார்டில் நடந்தது அதுதான் (சிவிஇ-2015-5165). அந்தக் கார்டுக்கு டிசிபி பாக்கெட்டைத் துண்டாக்கி அனுப்பும் வசதி உண்டு. அதற்காக எமுலேட்டர் ஐபி ஹெடரில் எழுதியிருக்கும் மொத்த நீளத்திலிருந்து ஹெடரின் நீளத்தைக் கழித்துத் தரவின் நீளத்தைக் கண்டுபிடிக்கிறது. மொத்த நீளம் 19, ஹெடர் 20 என்று கெஸ்ட் எழுதினால்? 16 பிட் குறியற்ற எண்ணில் விடை மைனஸ் 1 அல்ல, 65535. உடனே எமுலேட்டர் தன் சொந்த நினைவகத்திலிருந்து சுமார் 64 கேபியை எடுத்துத் துண்டு துண்டாக அனுப்பிவிடும். லூப்பேக்கில் இருந்தால் அது அப்படியே கெஸ்டுக்குத் திரும்பிவிடும். எழுதும் பிழை மட்டும் ஆபத்து இல்லை. படிக்கும் பிழையும் ஹோஸ்டின் முகவரிகளை வெளியே கொடுத்துவிடும், அதை வைத்து மற்றொரு பிழையைப் பயன்படுத்தலாம். இந்தப் பிழையையும் பிசிநெட்டின் சிஆர்சி பிழையையும் இணைத்துக் கெஸ்டிலிருந்து வெளியேறிக் காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே ஹெடரைத் தொடுவதற்கு முன், ஹெடர் முழுவதும் பாக்கெட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஈதர்நெட்டுக்கு 14 பைட். ஐபிக்குக் குறைந்தது 20. ஹெடரே தன் நீளம் 60 என்று சொன்னால் அந்த 60-உம் இருக்க வேண்டும். டிசிபிக்கும் இதே கதைதான். அப்புறம், கழிப்பதற்கு முன் எது பெரியது என்று பார்த்துவிட்டுத்தான் கழிக்க வேண்டும்.

கூட்டலிலும் இதே பொறி உண்டு. இடமும் நீளமும் சேர்ந்து அளவைத் தாண்டுகிறதா என்று 32 பிட்டில் கேட்டால், கூட்டல் சுற்றிக்கொண்டு சிறிய எண்ணாகி, சோதனை தேறிவிடும். முதலில் இடம் அளவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நீளத்தை, அளவில் இடத்தைக் கழித்த மிச்சத்தோடு ஒப்பிடுங்கள். நீளத்தைக் குறியுள்ள முழு எண்ணில் வைக்காதீர்கள். 2018-இல் என்ஈ2000, ஆர்டிஎல்8139, பிசிநெட் மூன்றிலும் இதே காரணத்துக்காகத் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. மிகப் பெரிய அளவு ஒன்று குறியுள்ள எண்ணுக்கு மாறியதும் எதிர்ம எண்ணாகி, எல்லா ஒப்பீட்டையும் தாண்டிப் போனது.

இன்னொன்று: சோதித்த எண்ணும் பயன்படுத்தும் எண்ணும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். டிஸ்கிரிப்டர் கெஸ்டின் நினைவகத்தில் இருக்கிறது. நீங்கள் அதை ஒருமுறை படித்துச் சோதித்து, மறுபடி படித்து நகலெடுத்தால், இடையில் கெஸ்டின் இன்னொரு சிபியு அதை மாற்றிவிடும். டிஸ்கிரிப்டரை ஒரே ஒருமுறை உள்ளூர் மாறிக்கு நகலெடுங்கள். அதன் பிறகு கெஸ்ட் நினைவகத்தின் பக்கமே போகாதீர்கள்.

எல்லா நகலெடுப்பும் ஒரே அளவு ஆபத்தானதா என்றால், இல்லை. எமுலேட்டரின் ஸ்ட்ரக்சருக்குள் இருக்கும் பஃபருக்கு எழுதுவதுதான் முதல் கவலை. அது ஹோஸ்டின் ஹீப். கெஸ்ட் நினைவகத்துக்கு டிஎம்ஏ ஃபங்ஷன் (கார்டு நினைவகத்தை நேரடியாகத் தொடுவதற்கான ஃபங்ஷன்) வழியாக எழுதும்போது முகவரியை அந்த ஃபங்ஷனே சரிபார்க்கும். தவறான முகவரி கொடுத்தால் கெஸ்ட் பெரும்பாலும் தன்னையேதான் கெடுத்துக்கொள்ளும். ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த முகவரி உங்கள் கார்டின் ரெஜிஸ்டர்களையே சுட்டினால், பாதி வேலையில் இருக்கும் உங்கள் கோட் மறுபடி அழைக்கப்படும். நேரம் குறைவாக இருந்தால் ஸ்ட்ரக்சருக்குள் எழுதும் வரிகளை முதலில் பட்டியலிட்டுப் பாருங்கள். நான் எப்போதும் அப்படித்தான் தொடங்குகிறேன்.

கெஸ்ட் மட்டும்தான் எதிரி என்றும் நினைக்க வேண்டாம். சிவிஇ-2015-7512, சிவிஇ-2016-4002 இரண்டிலும் பெரிய பாக்கெட் நெட்வொர்க்கிலிருந்து வந்தது. இரண்டாவது மிப்ஸ்நெட் கார்டு. அதன் பஃபர் 1514 பைட். ஈதர்நெட் என்றால் 1514-தான் உச்சம் என்று எழுதியவர் நம்பியிருக்கலாம். ஆனால் பின்னால் இருக்கும் நெட்வொர்க் அதைவிடப் பெரிய ஜம்போ பாக்கெட்டை அனுமதித்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

மைக்ரேஷனையும் (ஓடும் கெஸ்டின் நிலையைச் சேமித்து வேறு ஹோஸ்டில் தொடர்வதை) பலர் மறப்பார்கள். பஃபரில் இதுவரை எழுதிய இடம் போன்ற மதிப்புகள் சேமித்த நிலையிலிருந்து திரும்ப ஏற்றப்படுகின்றன. ஓடும்போது அந்த மதிப்பு ஒருபோதும் எல்லையைத் தாண்டாமல் நீங்கள் பார்த்துக்கொண்டாலும், ஏற்றும் கோப்பில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. விர்ட்டியோ நெட்வொர்க் கார்டில் மேக் முகவரிப் பட்டியலை ஏற்றும் இடத்தில் இப்படி எல்லை தாண்டி எழுதும் பிழை இருந்தது (சிவிஇ-2013-4149). ஏற்றிய உடனே ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

சரி, சோதனை தோற்றால் என்ன செய்வது? இதில்தான் நல்ல திருத்தங்களே கெட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன். அசெர்ட் (நிபந்தனை தவறினால் புரோகிராமையே நிறுத்திவிடும் வரி) போடாதீர்கள். கெஸ்ட் நினைத்தபோது எமுலேட்டரை விழவைக்க முடிந்தால் அதுவும் பாதுகாப்புப் பிழைதான். இ1000இ, விஎம்எக்ஸ்நெட்3 கார்டுகளில் அப்படி ஒன்று சிவிஇ-2020-16092 என்று பதிவானது. கியூஎமுவில் கெஸ்டின் தவறு என்று லாக் எழுத வழி இருக்கிறது. அதில் எழுதிவிட்டு, பாக்கெட்டைக் கைவிட்டு, கார்டின் நிலையைச் சரியான இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். பாதி எழுதிய துண்டின் இடத்தை அழிக்காமல் விட்டால் அடுத்த பாக்கெட் அதன் பின்னால் ஒட்டிக்கொள்ளும்.

பாக்கெட் பெறும் ஃபங்ஷன் எதைத் திருப்பித் தருகிறது என்பதிலும் கவனம் தேவை. கியூஎமுவில் 0 என்றால் "இப்போது இடமில்லை, வரிசையில் வைத்திரு" என்று பொருள். ஒருபோதும் ஏற்கமுடியாத பெரிய பாக்கெட்டுக்கு 0 திருப்பினால், அது வரிசையின் தலையில் நின்றுகொண்டு பின்னால் வருவதையெல்லாம் மறிக்கும். அதை வாங்கிக்கொண்டதாகச் சொல்லி, பாக்கெட்டின் முழு நீளத்தையும் திருப்பிவிட்டு, உள்ளே தள்ளிவிடுவதே சரி.

நீளத்தை எல்லைக்குள் வெட்டிக்கொள்ளும் திருத்தத்தில் இன்னொரு ஆபத்து. வெட்டிய நீளம் 0 ஆகலாம். அந்த நீளத்தைக் கழித்துக்கொண்டே சுற்றும் லூப் அதன்பின் முடியாது. 2015-இல் இ1000-இல் சிவிஇ-2015-6815, என்ஈ2000-இல் சிவிஇ-2015-5278 இரண்டும் முடிவில்லாத லூப்தான். லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பைட்டாவது முன்னேறுகிறதா என்பதையும் எல்லைச் சோதனையின் பகுதியாகவே பாருங்கள்.

வேகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கெஸ்ட் ஒரு ரெஜிஸ்டரைத் தொட்டு எமுலேட்டருக்குள் வந்து திரும்புவதற்கே ஆகும் செலவின் முன்னால் ஓர் எண் ஒப்பீடு எதுவுமே இல்லை. எப்போதும் ஒரே பக்கம் போகும் நிபந்தனையை சிபியு நன்றாகவே கணித்துவிடும். இந்தக் காரணத்துக்காக ஒரு சோதனையைக்கூட விடவேண்டாம்.

சேர்த்து முடித்ததும் நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடும் வரையறுக்கப்படாத நடத்தையைப் பிடிக்கும் யூபிசானோடும் பில்ட் செய்து, ஒவ்வொரு எல்லைக்கும் மூன்று பாக்கெட் அனுப்பிப் பாருங்கள்: எல்லைக்கு ஒரு பைட் குறைவாக, சரியாக எல்லையில், ஒரு பைட் கூடுதலாக. இதை ஒற்றைத் துண்டாகவும், பல துண்டாகவும், லூப்பேக் போட்டும் எடுத்தும் செய்யுங்கள். கியூஎமு என்றால் அதன் சோதனைக் கருவியான கியூடெஸ்ட்டில் இதை நேரடியாக எழுதிவிடலாம், கெஸ்ட் இயங்குதளமே தேவையில்லை. பிறகு ஃபஸரை ஓர் இரவு ஓடவிடுங்கள். என் போர்டு எமுலேட்டரில் சிஆர்சி பிழையைத் திருத்தியபின் மூன்றாவது இரவு இன்னொன்று கிடைத்தது: 14 பைட்டுக்கும் குறைவான பாக்கெட். அதிகபட்ச நீளத்தை அத்தனை இடத்தில் சோதித்த நான் குறைந்தபட்ச நீளத்தை ஓரிடத்திலும் சோதிக்கவில்லை. உங்கள் கோடிலும் அதை முதலில் தேடுங்கள்.