உலக வங்கி பணத்தில் இலவச சோலார்: ஃபைல் சார்ஜ் கட்டலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் 36 வீடுகள் கொண்ட எங்கள் சொசைட்டிக்கு நான் பொருளாளர். "பருவநிலை மாற்றத்துக்காக உலக வங்கி கொடுக்கும் பணத்தில் மொட்டை மாடியில் 20 கிலோவாட் சோலார் இலவசம், ஃபைல் சார்ஜ் 45,000 ரூபாய் மட்டும் கட்டுங்கள்" என்கிறார் ஒரு ஏஜென்ட். லோகோ போட்ட கடிதமும் காட்டுகிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள்.

அப்படி ஒரு பணம் வந்தது உண்மைதான். 2016-ல் கூரை சோலாருக்காக ஸ்டேட் வங்கிக்கு உலக வங்கி வழியே 62.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அதில் மானியம் வெறும் 50 லட்சம் டாலர். மீதியெல்லாம் கடன். ஸ்டேட் வங்கி அதைச் சோலார் போடும் கம்பெனிகளுக்கு வட்டிக்கு விட்டது. 'வெளிநாட்டு உதவி' என்று பேப்பரில் வருவதில் பெரும்பகுதி இந்த ரகம்தான். அது உங்கள் சொசைட்டி வாசலைத் தேடிவந்து இலவசமாகக் கொட்டாது.

உங்களுக்குக் கிடைக்கக்கூடியது மத்திய அரசின் சூரிய கர் திட்ட மானியம். லிஃப்ட், தண்ணீர் பம்ப், மாடிப்படி விளக்கு போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு, சொசைட்டிகளுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். 20 கிலோவாட்டுக்கு 3,60,000. அரசு போர்ட்டலில் நீங்களே விண்ணப்பிக்கலாம். பதிவு பெற்ற வெண்டர்தான் போடவேண்டும், பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியத் தயாரிப்பாக இருக்கவேண்டும். பேனல் ஓடத் தொடங்கிய பிறகே மானியம் வரும். விதிகளை யாருக்கும் புரியாத பிடிஎஃப்-களில் புதைத்து வைத்திருக்கிறார்கள். ஏஜென்ட்கள் பிழைப்பதே அதனால்தான்.

'இலவசம்' என்பது அரை உண்மையாகும் இடம் ஒன்று உண்டு. கம்பெனியே தன் செலவில் பேனல் வைக்கும். கரண்ட்டை யூனிட்டுக்கு இவ்வளவு என்று உங்களுக்கே விற்கும். மோசடி இல்லை, ஆனால் ஒப்பந்தம் பெரும்பாலும் 20, 25 வருடம். யூனிட் விலை வருடா வருடம் ஏறுமா? துளை போட்ட இடத்தில் மழைக்காலத்தில் ஒழுகினால் யார் சரிசெய்வது? அப்புறம், செம்பூரில் எந்தப் பழைய கட்டடம் ரீடெவலப்மென்ட் பேசாமல் இருக்கிறது? எட்டாவது வருடம் பில்டர் இடிக்க வந்தால், மீதி வருடங்களுக்குக் கம்பெனி உங்களிடம் நஷ்டஈடு கேட்கும். பாதியில் வெளியேறினால் எவ்வளவு என்று ரூபாயில் எழுதாத ஒப்பந்தத்தை பொதுக்குழுவுக்கே கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்று. விண்ணப்பத்துக்கு என்று சொல்லி, சொசைட்டி லெட்டர்ஹெட்டில் செயலாளர் கையெழுத்தை மட்டும் வாங்கிப்போவது இந்த மாதிரி ஏஜென்ட்களின் வழக்கம். அதில் பிறகு எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். உங்கள் செயலாளர் அப்படி ஏதாவது கொடுத்திருக்கிறாரா என்று இன்றைக்கே கேளுங்கள்.