பக்கத்துத் தோட்டத்தில் வீடமைப்புத் திட்டம்: குடியிருப்பாளர்கள் ஆட்சேபிக்க முடியுமா?

கேள்வி: எங்கள் தாமானை (வீடமைப்புப் பகுதியை) ஒட்டிய செம்பனைத் தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டப் போகிறார்களாம். அறிவிப்புப் பலகையும் நட்டுவிட்டார்கள். நாங்கள் ஆட்சேபிக்க முடியுமா?

முடியும். ஆனால் ஊர் கூடி ‘வேண்டாம்’ என்று சொன்னால் மட்டும் போதாது. நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

எங்களுடையது மலேசியாவின் தென் கெடாவில் ஒரு தோட்டத்து ஊர். அப்பா பால் மரம் வெட்டியவர். இருபது வருடங்களுக்கு முன் எங்களுக்கும் இதே பிரச்சினை வந்தது. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். லோரி வரும், தூசி வரும், ஊர் கெட்டுப் போகும் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அதையே மனுவாக எழுதி, ஊரே கையெழுத்துப் போட்டு நகராண்மைக் கழகத்திடம் கொடுத்தோம். அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டது கால்வாயை ஒட்டிய நான்கு வீட்டுக்காரர்களை மட்டும்தான்.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, உள்ளூர்த் திட்டம் (ரஞ்சாங்கான் தெம்பாத்தான்) இல்லாத பகுதியில் அண்டை நிலத்தின் உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆட்சேபிக்க 21 நாள் அவகாசம். அண்டை நிலம் என்றால் ஒட்டியிருக்கும் நிலம், அல்லது 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ சந்தோ கால்வாயோ நடுவில் இருக்கும் நிலம். முட்டுச்சந்துப் பாதையைப் பகிர்ந்துகொள்பவர்கள் என்றால் 200 மீட்டர் வரை.

‘உரிமையாளர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மூன்று தலைமுறையாக லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) இருப்பவருக்கு அந்த நோட்டீஸ் வராது. எங்கள் ஊரில் அதிகம் பாதிக்கப்பட இருந்தது அவர்கள்தான். கோயில் இருந்ததும் தோட்ட நிலத்தில்தான். அதனால் அந்த நான்கு வீட்டுக்காரர்களின் கடிதத்தில் லயத்துக்காரர்களின் குறையையும் சேர்த்து எழுத வைத்தோம்.

உங்கள் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் இருந்து, அதில் அந்தத் தோட்டம் ஏற்கெனவே ‘குடியிருப்பு’ என்று குறிக்கப்பட்டிருந்தால், கட்டவே கூடாது என்று வாதாடுவது கஷ்டம். அதை வரைவுத் திட்டம் பார்வைக்கு வைக்கப்பட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். நாளிதழில் அறிவிப்புப் போட்டு, குறைந்தது நான்கு வாரம் ஆட்சேபத்துக்கு விடுவார்கள். யார் படிக்கிறார்கள்? பிறகு எங்கள் ஊருக்கு அப்படி ஒரு வரைவுத் திட்டம் வந்தபோது நாங்களும் கோட்டைவிட்டோம்.

அன்று எங்களைக் காப்பாற்றியது தண்ணீர்க் கணக்கு. ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்ட வேலையை மேற்பார்ப்பவர்) ஒருவர், மழை விட்டதும் எங்களைத் தோட்டத்துக்குள் நடத்திக்கொண்டு போனார். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த மதகில் முட்டுகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மரம் நிற்கும்வரை மண் குடித்துக்கொண்ட தண்ணீர் முழுவதும் தாரும் சிமெண்டும் வந்த பிறகு எங்கள் கால்வாய்க்குத்தான் ஓடி வரும். மண்ணைத் தோண்டிப் போட்டிருக்கும் மாதங்கள் இன்னும் மோசம். சேறு இறங்கிக் கால்வாயே மேடாகிவிடும். அளவுகோலை வைத்துப் படம் எடுத்தோம். தேக்கக் குளத்தை முதலில் வெட்டு, மரத்தை அப்புறம் சாய் என்று எழுதினோம். ஒரு நகல் வடிகால் நீர்ப்பாசன இலாகாவுக்கும் போனது. குளம் வந்தது. ஆனால் பள்ளி விடும் நேரத்தில் லோரி ஓடக்கூடாது என்று கேட்டது காகிதத்தோடு சரி.

தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் வீடு கட்டும் திட்டத்தை எதிர்த்த வழக்கைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அங்கே குடியிருப்பாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் அது கோலாலம்பூர், அங்கே சட்டம் வேறு. இன்னொன்று, ரத்தான அந்தத் திட்டத்தில், பல வருடமாக லயத்தில் காத்திருந்த முன்னாள் தோட்டத் தொழிலாளர்களுக்கான வீடுகளும் இருந்தன. அதனால்தான் ‘கட்டாதே’ என்று கத்துவதில் எனக்கு இன்றும் தயக்கம். நம் பிள்ளைகளுக்கும் வீடு வேண்டுமே.

சரி, இப்போது செய்ய வேண்டியது: பலகையில் இருக்கும் லாட் எண்ணை எழுதிக்கொண்டு, நகராண்மைக் கழகத்தின் திட்டப் பிரிவில் உள்ளூர்த் திட்ட வரைபடத்தைக் கேளுங்கள். நோட்டீஸ் யாருக்கு வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்று வீடு வீடாக விசாரியுங்கள். கெடாவில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமையே போகலாம், அலுவலகம் திறந்திருக்கும்.